'ஆஸ்ட்லர்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம்?

நூலகத் திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு சிறுபத்திரிகைக்காக 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் தூங்கின பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறது. அதனால் தூக்கக் கலக்கத்தில் செய்த பிழைகளை மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

கதையில் கொட்டுகிற மழையில் ஒருவர் குதிரையில் வந்து சத்திரத்து முற்றத்தில் இறங்குகிறார். ஆஸ்ட்லர் ஓடிவந்து கடிவாளத்தை வாங்கிக்கொள்கிறான். நான் அதை அவன் பெயர் என்றே நினைத்துவிட்டேன். 'ஆஸ்ட்லர் என்பவன் ஓடிவந்தான்' என்று எழுதி, அவன்மேல் கொஞ்சம் பாசம்கூட வைத்துவிட்டேன். நாலு பக்கம் தள்ளி வேறு ஊர், வேறு சத்திரம், அங்கேயும் ஆஸ்ட்லர் ஓடிவருகிறான். குதிரையில் வந்தவருக்கு முன்னால் இவன் எப்படி வந்து சேர்ந்தான் என்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது.

வீட்டிலிருந்த பழைய அகராதியைப் பார்த்தால் 'விடுதிக்காரர்' என்று இருந்தது. அதைப் போட்டேன். கல்லாவில் உட்காரும் முதலாளி மழையில் வந்து குதிரைக்கு வைக்கோல் போட்டுத் தேய்ப்பது எனக்கே பொருந்தவில்லை.

இது போதாதென்று கதைக் கடைசியில் ஒரு பெரிய வீடு வருகிறது. அங்கே வாசலில் குரூம் விளக்கோடு நிற்கிறான். எனக்கு குரூம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் வரன் விளம்பரம்தான். 'மாப்பிள்ளை விளக்கோடு வாசலில் நின்றார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'அக்கா, கல்யாணம் எப்போ நடந்தது?'

இந்த ரெண்டு ஆட்களுக்கும் தமிழில் என்ன சொல் போடுவது? ரெண்டும் ஒன்றா, வேறா? அடிக்குறிப்பு கூடாது என்பது பத்திரிகையின் கட்டளை.

பித்தன் 72

இதில் என்ன குழப்பம்? ரெண்டுமே குதிரை பராமரிக்கும் வேலைக்காரன்தான். 'சைஸ்' என்று போடுங்கள். வெள்ளைக்காரன் காலத்து எழுத்தில் எல்லாம் சைஸ்தான் வரும். தூய தமிழ் வேண்டுமென்றால் 'குதிரைச் சேவகன்'. மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமானே எடுத்த வேஷம், அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? 'வாதுவன்' என்றும் ஒரு சொல் அகராதியில் உண்டு.

ஜட்கா வாத்தியார்

பித்தன் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. சைஸ் போட்டால் அந்த அம்மாவின் கதை இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறி கல்கத்தாவில் வந்து இறங்கிவிடும். அது அரபியில் பிறந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல். இங்கே இருந்த துரைமார் வாயில்தான் புழங்கியது. அதுவும் வடக்கே. சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் துரைகள் அதே ஆளை 'ஹார்ஸ்கீப்பர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பம்பாயில் 'கோடாவாலா'. இங்கே இருந்த துரைமார் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் மூன்றையும் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். குதிரைக்குப் புல் கொண்டுவர இன்னொரு ஆள், 'கிராஸ்கட்டர்'. இதைக் கேட்டால் அசல் ஆங்கிலம் மாதிரி இருக்கும். ஆனால் 'காஸ்காட்டா' போன்ற ஓர் இந்துஸ்தானிச் சொல்தான் துரைகள் வாயில் அப்படித் திரிந்திருக்க வேண்டும் என்று அதே அகராதி சொல்கிறது. ஒரு குதிரைக்கு ரெண்டு ஆள் வைத்த காலம்!

குதிரைச் சேவகன் என்றால் குதிரைமேல் உட்கார்ந்து வருகிறவன். நாம் தேடுவது கீழே நின்று லத்தி அள்ளுகிறவனை. வாதுவனைப் போட்டால் வாசகருக்கு அகராதி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், எங்கள் அப்பா பழனியில் ஜட்கா ஓட்டினார். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற முருக பக்தர்களை அடிவாரத்தில் கொண்டுபோய் விடுகிற வண்டி. நான் 31 வருஷம் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். குதிரையும் இங்கிலீஷும் ஒரே சொல்லில் சேர்ந்து வந்தால் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அம்மா, உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. சில நூறு வருஷம் பிந்திப்போய்விட்டது, அவ்வளவுதான். லத்தீனில் விருந்தாளிக்கும் விருந்து போடுகிறவருக்கும் சேர்த்து 'ஹோஸ்பெஸ்' என்று ஒரு சொல். அதன் வழியில் பழைய பிரெஞ்சில் 'ஹாஸ்டல்' வந்தது, அதை நடத்துகிறவர் 'ஹாஸ்டலர்'. நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஹாஸ்டல், நாம் சாப்பிடப்போகும் ஹோட்டல், போகக் கூடாதென்று வேண்டிக்கொள்ளும் ஹாஸ்பிட்டல் எல்லாம் இவனுக்குப் பங்காளிகள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதும்போது ஹாஸ்டலர் என்றால் சத்திரக்காரர். அப்புறம் சத்திரக்காரர் உள்ளே போய்விட்டார், பட்டம் முற்றத்தில் குதிரை பிடிக்கிறவனிடம் தங்கிவிட்டது. முதல் எழுத்தும் வாயில் கரைந்து ஆஸ்ட்லர் ஆனான்.

அவன் வேலையைச் சொன்னால்தான் சொல் பிடிபடும். ஓடி வந்த குதிரையை அப்படியே கட்டிப்போடக் கூடாது. வேர்வை அடங்கும்வரை கையில் பிடித்து மெதுவாக நடத்த வேண்டும். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீர் காட்டினால் வயிற்றுவலி வந்து உருளும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. (ஒரு தைப்பூசத்தில் அப்பா இல்லாத நேரம் நான் வாளியை நீட்டிவிட்டேன். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் முதுகு ரெண்டு நாள் வலித்தது.) அப்புறம் வைக்கோலைப் பந்தாகச் சுருட்டி உடம்பைத் தேய்க்க வேண்டும், குளம்பைத் தூக்கி லாடம் ஆடுகிறதா பார்க்க வேண்டும், தீனி வைக்க வேண்டும், கீழே உலர்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். நமக்குக் கொள்ளு, அவர்களுக்கு ஓட்ஸ். விடிவதற்குள் சேணம் பூட்டி வாசலில் நிறுத்த வேண்டும். தூக்கம் லாயத்துக்கு மேலே வைக்கோல் பரணில்.

இந்த ஓட்ஸில்தான் அவனுக்குக் கெட்ட பெயரும் வந்தது. பயணி உள்ளே ஆட்டுக்கறி தின்றுகொண்டிருக்கும்போது வெளியே குதிரைக்கு எத்தனை படி விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? காசு என்னவோ முழுப் படிக்குத்தான். பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1811 பதிப்பில் ஆஸ்ட்லருக்கு நேரே பொருள் என்று ஒரே சொல்தான் இருக்கிறது: 'ஓட்ஸ்டீலர்'. ஓட்ஸ் திருடன். உச்சரிப்பும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் ஒட்டிக்கொண்ட கேலி.

இதைவிடப் பெரிய புகாரும் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய வில்லியம் ஹாரிசன் ஒரு காட்சி சொல்கிறார். பயணி இறங்கினதும் ஆஸ்ட்லர் ஓடிவந்து சேணத்தில் கட்டியிருக்கும் பையை அவிழ்த்துக் கொடுப்பானாம். பார்க்க மரியாதை. உண்மையில் கையில் தூக்கி எடை பார்க்கிறான். கனமாக இருந்தால் உள்ளே பணம், தகவல் வழிப்பறிக்காரனுக்குப் போய்விடும். மறுநாள் காட்டுப்பாதையில் பயணி நிற்கும்போது யார் சொன்னது என்று கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் கதையிலும் பையை அவன்தான் இறக்கிக் கொடுக்கிறானா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அந்த வாக்கியத்தை அவசரப்பட்டு 'உதவினான்' என்று முடித்துவிடாதீர்கள்.

ஆனால் ஷேக்ஸ்பியர் ஒரு ஆஸ்ட்லருக்கு இரங்கலும் வைத்திருக்கிறார். 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் ராச்செஸ்டர் சத்திரத்து முற்றம். விடியாத நேரம், ரெண்டு பாரம் ஏற்றுகிறவர்கள் லாந்தரோடு நின்று புலம்புகிறார்கள். ராபின் ஆஸ்ட்லர் செத்ததிலிருந்து இந்த வீடே தலைகீழாகிவிட்டது என்கிறான் ஒருவன். பாவம், ஓட்ஸ் விலை ஏறின நாளிலிருந்து அவன் முகத்தில் சிரிப்பே இல்லை, அதுதான் அவனைக் கொன்றது என்கிறான் இன்னொருவன். நாடகத்தில் அந்த ராபின் வருவதே இல்லை. செத்துப்போன செய்தி மட்டும்தான். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் கொள்ளு விலை ஏறினால் சாயங்காலம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா ஞாபகம் வந்துவிடும். பையன்களிடம் சொன்னதில்லை.

கவிஞர் கீட்ஸின் அப்பாவும் ஆஸ்ட்லர்தான். லண்டன் மூர்கேட்டில் 'ஸ்வான் அண்ட் ஹூப்' என்ற சத்திர லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளி மகளைக் கட்டி, அதை நடத்துகிற அளவுக்கு வந்தார். 1804இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பையனுக்கு அப்போது 8 வயது.

இந்தத் தொழிலுக்கு நல்ல காலம் 1784இல் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தபால் வண்டி ஓட ஆரம்பித்த பிறகு. சுமார் 10 மைலுக்கு ஒரு தடவை நாலு குதிரையையும் மாற்ற வேண்டும். தூரத்தில் வரும்போதே காவலாள் கொம்பு ஊதுவான். ஆஸ்ட்லர்கள் புதுக் குதிரைகளைச் சேணத்தோடு வெளியே பிடித்து நிற்பார்கள். ஓட்டுநர் இறங்கிக் கால் நீட்டுவதற்குள் மாற்றி முடித்துவிடுவார்கள். 1838இல் லண்டன்–பர்மிங்ஹாம் ரயில், 1841இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில். சத்திரங்களின் முற்றத்தில் புல் முளைத்தது. லண்டன் சௌதர்க்கில் 'ஜார்ஜ்' என்று ஒரு சத்திரம் மட்டும் பழைய மாடித் தாழ்வாரத்தோடு இன்னும் நிற்கிறது. 1676 தீவிபத்துக்கு அடுத்த வருஷம் திரும்பக் கட்டியது.

இப்போது உங்கள் கேள்வி. ஆஸ்ட்லர் சத்திரத்து ஆள். வருகிற போகிற எல்லார் குதிரையும் அவன் கையில், பயணிகள் ஏறி வருகிற குதிரை எதுவும் அவன் எஜமானனுடையது இல்லை. அவன் நம்பியிருப்பது நீங்கள் கையில் வைக்கிற சில்லறையை. குரூம் ஒரு வீட்டு ஆள். ஒரே எஜமானன், அதே குதிரைகள், தினமும். ரெண்டு பேருக்கும் ஒரே சொல் போட்டால் கதையில் மழைக்குள் நின்றவனும் வீட்டு வாசலில் விளக்கோடு நின்றவனும் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள். என் யோசனை: முன்னவன் 'லாயத்து ஆள்', பின்னவன் 'குதிரைக்காரன்'.

ஓஹையோ யார்டு

வாத்தியார் ஐயா, பழைய சொல் என்று சொல்லிவிட்டீர்கள், நான் தினமும் அந்தச் சொல்லில்தான் சம்பளம் வாங்குகிறேன்!

நான் இருப்பது அமெரிக்காவில், ஒரு பெரிய கிடங்கில். வெளியூரிலிருந்து கன்டெய்னர் லாரி வரும். டிரைவர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். அதை இழுத்து எந்தக் கதவில் சாமான் இறக்க வேண்டுமோ அங்கே ஒட்டிவைக்க எங்களிடம் ஒரு குட்டி டிராக்டர் உண்டு. அதை ஓட்டுகிறவர் பெயர் 'யார்டு ஹாஸ்ட்லர்'. முதல் எழுத்தைத் தொலைக்காமல் வைத்திருக்கிறோம். ரயில்வேயிலும் எஞ்சினை ஷெட்டுக்குள் கொண்டுபோய், எண்ணெய் தண்ணீர் பார்த்து, வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறவர் ஹாஸ்ட்லர்தான் என்று இங்கே ஒரு பெரியவர் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்தபோது ஹாஸ்டல் வார்டன் மாதிரி ஏதோ என்று நினைத்து வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா இன்னும் அப்படித்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நான் செய்வதும் அதே வேலை. எவனோ ஓட்டி வந்ததை வாங்கிக் கட்டிப்போட்டு, தயார் பண்ணி, திரும்ப அவன் கையில் கொடுப்பது. ஓட்ஸ் திருட வழியில்லை, டீசலுக்குக் கணக்கு இருக்கிறது.

நூலகத் திண்ணை

வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. போய்ப் பார்த்தேன். பையை அவன்தான் இறக்குகிறான்! 'பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு' என்று மூலத்தில் தெளிவாகவே இருக்கிறது. நான் அதை 'மரியாதையுடன் பெற்றுக்கொண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் ஒரு கொள்ளை வேறு வருகிறது. இதுவரை அது சும்மா நடந்தது என்று நினைத்திருந்தேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். குரூம் எப்படி மாப்பிள்ளையும் ஆனான், குதிரைக்காரனும் ஆனான்? அப்புறம், பெரிய வீட்டுச் சீமானின் வண்டிக்குப் பின்னால் 'டைகர்' நின்றுகொண்டு வருகிறது. நாயின் பெயரா?

ஜட்கா வாத்தியார்

டைகர் நாயும் இல்லை, புலியும் இல்லை. சின்னப் பையன். 19ஆம் நூற்றாண்டில் பணக்கார வாலிபர்கள் இரட்டைச் சக்கர வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, அந்தஸ்துக்காகப் பின்பலகையில் நிறுத்தி வைக்கும் குட்டிக் குதிரைக்காரன். உடுப்பில் கோடு கோடாக இருக்கும், பெயர் அதனால். எவ்வளவு சின்ன உருவமோ அவ்வளவு கௌரவம். 'குதிரைக்காரப் பொடியன்' என்று போட்டு, கோட்டு உடுப்பையும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

குரூம் கதை வேடிக்கையானது. நடுக்கால ஆங்கிலத்தில் 'குரோம்' என்றால் பையன், பிறகு எடுபிடி ஆள், பிறகு குறிப்பாகக் குதிரை பார்க்கிறவன். நாமும் அறுபது வயது ஆளை 'கடைப் பையன்' என்கிறோம் இல்லையா, அதே புத்தி. மாப்பிள்ளைக்கு இதோடு பிறப்பால் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'குமா' என்றால் ஆண்மகன். மணப்பெண்ணின் ஆண்மகன் 'பிரைட்குமா'. காலப்போக்கில் குமா என்ற சொல் செத்துப்போய், அது என்னவென்றே ஜனங்களுக்குத் தெரியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் பக்கத்தில் கிடைத்த குரூமைத் தூக்கி அந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள். ஆக ஆங்கிலேயரே செய்த பிழையைத்தான் நீங்கள் திருப்பிச் செய்தீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

லாயத்தில் பிறந்து மேலே போனவர்களும் உண்டு. கான்ஸ்டபிள் லத்தீனில் 'கோமெஸ் ஸ்தாபுலி', லாயத்து அதிகாரி. மார்ஷல் ஜெர்மானியச் சொல். 'மராஹ்' குதிரை, 'ஸ்கால்க்' வேலைக்காரன். நம் விமானப்படையில் ஏர் மார்ஷல் என்று சல்யூட் வாங்குகிறவரின் பட்டத்துக்குள் ஒரு குதிரைக்காரன் ஒளிந்திருக்கிறான். கீழே இறங்கினவனும் உண்டு. 'ஹென்ச்மன்' முதலில் பிரபுவின் குதிரையோடு கூடவே போகிற ஆள். இன்றைக்கு அவனுக்குச் சரியான தமிழ் 'அல்லக்கை'.

எங்கள் அப்பாவை வண்டிக்காரர் என்றுதான் ஊரில் சொன்னார்கள். குதிரைக்காரர் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார். ஏன் என்று அப்போது தெரியவில்லை. குதிரைக்காரன் என்றால் இன்னொருத்தன் குதிரையைப் பார்க்கிறவன். அவர் குதிரை அவருடையது. கடன் அடைந்த பிறகு.

ஈப்போக்காரி

பித்தன் அண்ணனுக்கு ஆறுதலாக ஒன்று. சைஸ் மலேயா வரைக்கும் வந்தது. குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் இங்கே துரைமார் கார் டிரைவரை 'சைஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் தாத்தா ஒரு தோட்டத்துத் துரைக்கு சைஸாக இருந்தவர். ஆயுசில் குதிரை தொட்டதில்லை. அவர் கறுப்பு ஆஸ்டின் காரைக் கழுவித் துடைக்கிறதைப் பற்றிப் பாட்டி சொல்வார்: 'மாட்டைக் குளிப்பாட்டுற மாதிரி தடவிக்கிட்டே இருப்பாரு.'

பித்தன் 72

சரி, சரி. சைஸ் வாபஸ். ஆனால் 'லாயத்து ஆள்' எனக்கு ஒட்டவில்லை. லாயம் என்றால் அரண்மனை மாதிரி இருக்கிறது. 'சத்திரத்துக் குதிரைக்காரன்' என்றால் யாருக்கும் புரியும்.

ஜட்கா வாத்தியார்

புரியும் தம்பி, ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் அவ்வளவு நீளத்தை யார் இழுப்பது? முதல் தடவை மட்டும் நீங்கள் சொன்னது வரட்டும், ஆள் அறிமுகமான பிறகு 'லாயத்து ஆள்' போதும்.

நூலகத் திண்ணை

அப்படியே செய்துவிட்டேன். முதல் இடத்தில் 'சத்திரத்துக் குதிரைக்காரன்', அப்புறம் எல்லாம் 'லாயத்து ஆள்'. பை இறக்கும் வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: 'லாயத்து ஆள் பையை அவிழ்த்து, ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, நீட்டினான்.'

ஆசிரியரிடமிருந்து காலையில் பதில் வந்துவிட்டது. இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் அதே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'அக்கா, இவன்மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.'